சின்னப் பந்தய ஆன்லைன் போக்கரும் உங்கள் எண்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் லண்டனில் இருக்கிறேன். வேலை முடிந்த பிறகு வாரத்தில் மூன்று நான்கு நாள் ஆறு பேர் மேஜையில் நோ-லிமிட் ஹோல்டெம் (பந்தயத்துக்கு உச்சவரம்பில்லாத போக்கர் வகை) கேஷ் கேம் ஆடுவேன். சீட்டு வருவதற்கு முன்பே இருவர் கட்டாயமாகப் போடும் தொகைதான் பிளைண்ட்: ஸ்மால் பிளைண்ட் 5 சென்ட், பிக் பிளைண்ட் 10 சென்ட், முழுத் தொகையோடு உட்கார 10 டாலர். ஆடுகிறவர்கள் இதை என்எல் 10 என்பார்கள். ரம்மியில் கை பழகி அப்புறம் போக்கருக்கு வந்த நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். கால் (மற்றவர் போட்ட அளவுக்குப் போடுவது), ரைஸ் (அதற்கு மேல் போடுவது), ஃபோல்ட் (சீட்டை எறிந்து விலகுவது), ஃப்ளாப், டர்ன், ரிவர் (மேஜையில் விழும் பொதுச் சீட்டுகளில் முதல் மூன்று, நாலாவது, ஐந்தாவது) இவையெல்லாம் தெரிந்தவர்களுக்கான பக்கம் இது.

புள்ளிவிவரம் என்று எதைச் சொல்கிறீர்கள்? அது எங்கே கிடைக்கிறது?

நீங்கள் ஆடும் ஒவ்வொரு ஹேண்டையும், அதாவது சீட்டு போட்டு முடிக்கும் ஒவ்வொரு ஆட்டத்தையும், பல தளங்களின் மென்பொருள் உங்கள் கணினியில் ஒரு எழுத்துக் கோப்பாகச் சேமிக்கிறது. யார் எந்த இடத்தில் உட்கார்ந்தார், எவ்வளவு போட்டார், கடைசியில் என்ன சீட்டைக் காட்டினார் என்று எல்லாம் அதில் இருக்கும். போக்கர்டிராக்கர் 4, ஹோல்டெம் மேனேஜர் 3, ஹேண்ட்2நோட் போன்ற மென்பொருள்கள் அந்தக் கோப்புகளைப் படித்து, எண்ணிக் கூட்டி, விகிதங்களாகத் தருகின்றன. போக்கர்டிராக்கரை 14 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். சின்னப் பந்தயத்துக்கென்று விலை குறைந்த உரிமமும் உண்டு.

சில தளங்களில் ஹேண்ட் ஹிஸ்டரியைச் சேமிக்கும் அமைப்பை நாமாகத்தான் இயக்க வேண்டும். முதல் நாளே அதைப் பார்த்துவிடுங்கள். நான் பார்க்காமல் விட்டேன். என் முதல் நான்கு மாத ஆட்டத்துக்கு ஒரு கோப்புகூட இல்லை. என்ன தப்பு செய்தேன் என்று இப்போது தேடிப் பார்க்கவும் வழியில்லை.

இந்தியாவிலிருந்து பணம் வைத்து ஆடலாமா?

கூடாது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்கிறது. போக்கர் திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்ற பழைய வாதத்துக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. இரண்டுக்கும் ஒரே விதிதான். நான் இருக்கும் பிரிட்டனில் சூதாட்ட ஆணையத்தின் உரிமம் பெற்ற தளங்களில் ஆடலாம். நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்களோ அந்த நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நூற்றுக்கணக்கான எண்கள் வருகின்றன. முதலில் எதைப் பார்ப்பது?

இரண்டே இரண்டு போதும்: விபிஐபி, பிஎஃப்ஆர்.

ஃப்ளாப்புக்கு முன்னால் நீங்களாக விரும்பிப் பணம் போட்ட ஹேண்டுகள் நூற்றுக்கு எத்தனை என்பதுதான் விபிஐபி. கட்டாயமாகப் போடும் பிளைண்ட் இதில் சேராது. பிக் பிளைண்டில் உட்கார்ந்து செக் செய்தாலும் (மேற்கொண்டு பணம் போடாமல் தொடர்ந்தாலும்) சேராது. ஃப்ளாப்புக்கு முன்னால் ரைஸ் செய்த ஹேண்டுகள் நூற்றுக்கு எத்தனை என்பது பிஎஃப்ஆர். ஆறு பேர் மேஜையில் ஒழுங்காக ஆடுகிறவர்களின் விபிஐபி பெரும்பாலும் 20க்கும் 27க்கும் நடுவில் இருக்கும். பிஎஃப்ஆர் அதற்கு நாலைந்து புள்ளி கீழே. ஒன்பது பேர் மேஜையென்றால் இரண்டுமே இன்னும் குறையும்.

தனித்தனியாக இந்த எண்களைவிட இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் அதிகம் பேசும். ஒருவரின் எண்கள் 24/19, அதாவது விபிஐபி 24, பிஎஃப்ஆர் 19 என்றால் அவர் ஆடும் சீட்டுகளில் பெரும்பாலானவற்றை ரைஸ் செய்தே ஆரம்பிக்கிறார். 45/6 என்றால் பாதிக்குப் பாதி ஹேண்டில் உள்ளே வருகிறார், ஆனால் மற்றவர் போட்டதைக் கால் செய்துகொண்டே வருகிறார். புதிதாக வருகிறவர்கள் எல்லோருமே கிட்டத்தட்ட இந்த இரண்டாவது ரகம்தான். ரம்மியில் 13 சீட்டும் கையில் வந்த பிறகு ஒன்றை எடுத்து ஒன்றைப் போட்டுக் கையைச் சரி செய்யலாம். இங்கே கிடைப்பது இரண்டே சீட்டு, மாற்ற வழியில்லை. நாள் முழுக்க ஃபோல்ட் செய்ய மனம் வராததால்தான் விபிஐபி ஏறுகிறது.

உங்கள் இடைவெளி பத்துக்கு மேல் இருந்தால் வேறெதையும் பார்க்காதீர்கள். யாரும் ரைஸ் செய்யாத ஹேண்டில் சும்மா கால் செய்து நுழைவதை முதலில் நிறுத்துங்கள்.

8,000 ஹேண்டில் நூற்றுக்கு 12 பிபி ஜெயித்திருக்கிறேன். அடுத்த பந்தயத்துக்கு ஏறலாமா?

பிபி என்பது பிக் பிளைண்ட். லாப நட்டத்தை 100 ஹேண்டுக்கு இத்தனை பிபி என்றுதான் கணக்கிடுவது வழக்கம். என்எல் 10-ல் 12 பிபி என்றால் 100 ஹேண்டுக்கு 1 டாலர் 20 சென்ட்.

இந்தக் கேள்வியைக் கேட்பவருக்குப் பதில் சொல்ல எனக்கு எப்போதும் சங்கடமாக இருக்கும், ஏனென்றால் அவர் சந்தோஷமாக இருப்பார். ஆறு பேர் மேஜையில் நியமவிலக்கம் (முடிவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) 100 ஹேண்டுக்குச் சுமார் 90 பிபி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மென்பொருளிலேயே உங்களுக்கான எண் இருக்கும். 8,000 ஹேண்ட் என்பது 80 நூறுகள். 80-இன் வர்க்கமூலம் சுமார் 9. தொண்ணூறை ஒன்பதால் வகுத்தால் 10. அதன் இரண்டு மடங்கை எடுத்துக்கொள்வது வழக்கம். ஆக, உங்கள் 12 பிபியைச் சுற்றி இரண்டு பக்கமும் 20 பிபி அளவுக்கு நிச்சயமின்மை இருக்கிறது. உண்மையான திறன் 32 பிபி லாபமாகவும் இருக்கலாம், 8 பிபி நட்டமாகவும் இருக்கலாம். 8,000 ஹேண்டால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஒரு லட்சம் ஹேண்ட் ஆடினாலும் அந்த நிச்சயமின்மை இரு பக்கமும் 5, 6 பிபி அளவுக்கு நிற்கும். நல்ல ஆட்டக்காரரின் லாபமே 5 பிபிதான் என்னும்போது இது சின்ன விஷயமில்லை. அதனால்தான் லாபக் கணக்கை வைத்து உங்கள் ஆட்டத்தை மதிப்பிடாதீர்கள் என்கிறேன். விபிஐபி மாதிரியான எண்கள் சில ஆயிரம் ஹேண்டுகளிலேயே நிலைத்துவிடும். உங்கள் பழக்கத்தைச் சொல்பவை அவைதான். பழக்கத்தை மாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது, ரிவரில் விழும் சீட்டு இல்லை.

எந்த இடத்தில் பணம் போகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பொசிஷன், அதாவது மேஜையில் உட்காரும் இடம், வாரியாகப் பிரித்துப் பாருங்கள். என் கருத்தில் மென்பொருளின் மிகப் பயனுள்ள பக்கம் இதுதான். பத்து நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிடும்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். பிளைண்டில் உட்கார்ந்தால் எல்லோருக்கும் நட்டம்தான். பிக் பிளைண்டில் ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டு ஃபோல்ட் செய்தால் 100 ஹேண்டுக்குச் சரியாக 100 பிபி போகும். ஸ்மால் பிளைண்டில் 50. இதைவிடக் குறைவாக இழப்பதுதான் அங்கே வேலை. நன்றாக ஆடுகிறவர்களுக்கும் பிக் பிளைண்டில் 30, 40 பிபி போகும். அந்தப் பணத்தைப் பட்டனிலும் (ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாகப் பேசும் இடம்) அதற்கு முந்தைய இடத்திலும் திரும்ப எடுக்கிறார்கள்.

நான் முதல்முறை பிரித்துப் பார்த்தபோது என் ஸ்மால் பிளைண்டில் 100 ஹேண்டுக்கு 43 பிபி போயிருந்தது. சீட்டைப் பார்க்காமலே எறிந்திருந்தால் 50. அதாவது அங்கே அவ்வளவு யோசித்து ஆடியதெல்லாம் எனக்கு 7 பிபிதான் மிச்சம் பிடித்துக் கொடுத்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். யாராவது ரைஸ் செய்தால், பாதிப் பணம் ஏற்கெனவே போட்டாயிற்றே என்று ஒரே நிறத்து (இரண்டுமே ஆட்டின் அல்லது இரண்டுமே கிளாவர் என்பது போல) ஜாக்-9, சின்ன ஜோடி எல்லாவற்றையும் கால் செய்திருந்தேன். சின்ன ஜோடிக்கு ஃப்ளாப்பில் மூன்றாவது சீட்டு கிடைப்பது எட்டரைத் தடவைக்கு ஒரு தடவைதான். மற்ற தடவையெல்லாம் முதல் ஆளாகப் பேச வேண்டிய இடத்தில் மாட்டிக்கொண்டு ஃபோல்ட். இப்போது அந்த இடத்தில் ஒன்று மறுபடி ரைஸ் செய்கிறேன், இல்லையென்றால் எறிந்துவிடுகிறேன். கால் மிக அபூர்வம்.

ஃப்ளாப்புக்கு முன்னால் என் எண்களெல்லாம் சரியாக இருக்கின்றன. ஆனாலும் பணம் நிற்கவில்லை. ஏன்?

எனக்கும் இதேதான் நடந்தது. 38,000 ஹேண்டில் 24/18. பார்க்க லட்சணமாக இருந்தது. மென்பொருள் வரையும் லாபக் கோடு மட்டும் மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே இருந்தது.

அங்கே பார்க்க வேண்டிய ஜோடி வேறு. ஃப்ளாப்பைப் பார்த்த ஹேண்டுகளில் எத்தனை சதவீதத்தில் கடைசி வரை போய்ச் சீட்டைக் காட்டினீர்கள் என்பது ஒன்று. அப்படிக் காட்டியபோது எத்தனை சதவீதத்தில் ஜெயித்தீர்கள் என்பது இன்னொன்று. முதலாவது 25 முதல் 29 வரை, இரண்டாவது 50ஐ ஒட்டி இருந்தால் பொதுவாகப் பரவாயில்லை. எனக்கு 33, 45. அடிக்கடி கடைசி வரை போகிறேன், போய்த் தோற்கிறேன். இது ஒன்றும் சிக்கலான நோயில்லை: ஃபோல்ட் செய்ய வேண்டிய இடத்தில் கால் செய்துகொண்டிருந்தேன்.

எந்த இடத்தில் என்று தேட, ரிவரில் நான் பெட் செய்து (முதலில் பணம் போட்டு), எதிராளி ரைஸ் செய்து, நான் கால் செய்த ஹேண்டுகளை மட்டும் வடிகட்டினேன். 64 வந்தன. ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தேன். ஒன்றை இங்கே முழுதாகச் சொல்கிறேன்.

என் கையில் ஆட்டின் ஏஸ், கிளாவர் கிங். 25 சென்ட் ரைஸ். பிக் பிளைண்ட் கால். நடுவில் சேர்ந்த பணம், அதாவது பாட், 55 சென்ட். ஃப்ளாப்பில் கிங், 8, 5, மூன்றும் வேறு வேறு நிறம். 35 சென்ட் பெட், கால். டர்னில் 2. 90 சென்ட் பெட், கால். பாட் 3.05 டாலர். ரிவரில் ஜாக். நான் 1.50 போட்டேன். அவர் 5 டாலருக்கு ரைஸ் செய்தார்.

அவருடைய எண்கள் 41/5. நான் இன்னும் 3.50 போட்டால் மொத்தப் பாட் 13.05. மூன்றரையைப் பதின்மூன்றால் வகுத்தால் 27 சதவீதம். அத்தனை தடவை ஜெயித்தால்தான் கால் கட்டுப்படியாகும். அன்றைக்கு நான் அந்தக் கணக்கைப் போடவே இல்லை. 'என்னிடம் பெரிய ஜோடி இருக்கிறது, இவன் எதையும் கால் செய்கிற ஆள்' என்று நினைத்துக் கால் செய்துவிட்டேன். ஜாக்-8 காட்டினார், இரண்டு ஜோடி.

எதையும் கால் செய்கிற ஆள் என்பது உண்மைதான். அன்றைக்கு அவர் கால் செய்யவில்லை, ரைஸ் செய்தார். நூற்றுக்கு 5 தடவை மட்டுமே ஃப்ளாப்புக்கு முன்னால் ரைஸ் செய்யும் ஒருவர் ரிவரில் ரைஸ் செய்கிறார் என்றால் அவரிடம் சீட்டு இருக்கிறது. அந்த 64-இல் நான் ஜெயித்தது 9. அதாவது 14 சதவீதம். தேவைப்பட்டதில் பாதி. 64 என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் எதிராளிகள் காட்டிய சீட்டுகளைப் பார்த்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. புளஃப் (நல்ல சீட்டு இல்லாமல் பயமுறுத்துவது) என்று சொல்லும்படி ஒன்றிரண்டுதான் இருந்தன.

அதற்குப் பிறகு ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: சும்மா கால் செய்யும் ஆள் ரிவரில் ரைஸ் செய்தால், ஒற்றை ஜோடியை எறிந்துவிடுவது. அடுத்த 20,000 ஹேண்டில் அந்த 33, 45 இரண்டும் 28, 51 ஆக மாறின.

எதிராளியின் எண்களை எப்படிப் படிப்பது?

மேஜையில் ஒவ்வொருவர் பக்கத்திலும் எண்களைக் காட்டும் பெட்டியை ஹட் என்பார்கள். அதில் சதவீதத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அது எத்தனை வாய்ப்பிலிருந்து வந்தது என்று பாருங்கள். ஒருவர் 3-பெட், அதாவது ரைஸுக்கு மேல் மறுபடி ரைஸ் செய்வது, 0 சதவீதம் என்று காட்டுகிறது. வாய்ப்பு 12. உண்மையில் 8 சதவீதம் 3-பெட் செய்கிறவருக்குக்கூட 12 வாய்ப்பில் ஒன்றுமே வராமல் போக 37 சதவீத வாய்ப்பு உண்டு. அந்தப் பூஜ்யத்தை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. விபிஐபி மட்டும் 50 ஹேண்டிலேயே உதவ ஆரம்பிக்கும், 55 ஆளையும் 15 ஆளையும் பிரித்துக்காட்டும் அளவுக்கு.

போதுமான ஹேண்ட் சேர்ந்த பிறகு 3-பெட் எண்ணைச் சீட்டாக மாற்றிப் படியுங்கள். இரண்டு சீட்டு வரும் வகைகள் மொத்தம் 1,326. ஏஸ் ஜோடி 6 வகை, கிங் ஜோடி 6, குயின் ஜோடி 6, ஏஸ்-கிங் 16. கூட்டினால் 34, அது 2.6 சதவீதம். ஆகவே 400 வாய்ப்பில் 2.5 சதவீதம் மட்டுமே 3-பெட் செய்திருக்கும் ஒருவர் திடீரென்று உங்கள் ரைஸை மூன்று மடங்காக்கினால் அவர் கையில் கிட்டத்தட்ட இந்த நாலில் ஒன்றுதான். ஜாக் ஜோடியை வைத்துக்கொண்டு வீம்பு பிடிக்காதீர்கள்.

பிளைண்டைத் திருடுவது எப்போது கட்டுப்படியாகும்?

பட்டனிலிருந்து 2.5 பிபி ரைஸ் செய்தால் அங்கே கிடக்கும் 1.5 பிபிக்காக 2.5ஐப் பணயம் வைக்கிறீர்கள். நாலில் இரண்டரை, 62.5 சதவீதம். பிளைண்டில் இருக்கும் இருவரும் சேர்ந்து அதைவிட அதிகமாக ஃபோல்ட் செய்தால் கையில் என்ன சீட்டு இருந்தாலும் அந்த ரைஸ் லாபம். ஸ்மால் பிளைண்ட் 85 சதவீதம், பிக் பிளைண்ட் 75 சதவீதம் ஃபோல்ட் என்றால் பெருக்கிப் பாருங்கள், 64. ரைஸ் செய்யலாம். பிக் பிளைண்ட் 55 என்றால் 47தான் வரும். அப்போது நல்ல சீட்டாக இருக்க வேண்டும்.

என் சிவப்புக் கோடு கீழேயே போகிறது. பயப்பட வேண்டுமா?

சீட்டைக் காட்டாமல் முடிந்த ஹேண்டுகளின் லாப நட்டம்தான் சிவப்புக் கோடு. சின்னப் பந்தயத்தில் எதிராளிகள் லேசில் ஃபோல்ட் செய்ய மாட்டார்கள், அதனால் அது கொஞ்சம் சரிவது சகஜம். அதை நிமிர்த்த வேண்டுமென்று வேண்டுமென்றே புளஃப் செய்ய ஆரம்பித்து, மொத்தக் கோட்டையும் சேர்த்துச் சரித்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆல்-இன் இவி என்பது என்ன?

ஆல்-இன் என்றால் முன்னால் இருக்கும் பணம் முழுவதையும் போடுவது; இவி என்றால் அப்போது சராசரியாக எதிர்பார்க்கக்கூடிய லாபம். ஏஸ் ஜோடியும் கிங் ஜோடியும் ஃப்ளாப்புக்கு முன்னாலேயே தலைக்கு 100 பிபி போட்டு ஆல்-இன் என்றால், ஏஸ் ஜெயிக்க 82 சதவீத வாய்ப்பு. 200 பிபி பாட்டில் 164 பிபி நியாயமாக அவருடையது. தன் 100ஐக் கழித்தால் 64 பிபி லாபம் என்று மென்பொருள் எழுதிக்கொள்ளும். நிஜத்தில் அன்றைக்கு அவர் 100 ஜெயித்திருப்பார் அல்லது 100 இழந்திருப்பார். அதிர்ஷ்டத்தில் இந்த ஒரு பகுதியைத்தான் அப்படி எழுதி வரையும் இவி கோடு நீக்குகிறது. நமக்கு நல்ல சீட்டு வந்ததா, எதிராளிக்கு அதைவிட நல்லது வந்ததா என்பதெல்லாம் அதில் அடங்காது. இவி கோடு மேலே இருக்கிறது, அதனால் நான் துரதிர்ஷ்டசாலி என்று ஆறுதல் தேட அதைப் பயன்படுத்தாதீர்கள்.

எல்லாத் தளத்திலும் ஹட் போடலாமா?

இல்லை. போக்கர்ஸ்டார்ஸில் நீங்கள் ஆடிய ஹேண்டுகளை வைத்து, அவர்கள் அனுமதித்த மென்பொருளில் ஹட் போடலாம். மற்றவர்களின் ஹேண்டுகளை விலைக்கு வாங்கியோ பகிர்ந்தோ சேர்ப்பது தடை. ஜிஜிபோக்கர் வெளி ஹட் எதையும் அனுமதிப்பதில்லை, தன் மென்பொருளுக்குள்ளேயே சில எண்களைக் காட்டுகிறது. பொவாடாவில் எதிராளியின் பெயரே தெரியாது. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் ஆடுவதற்கு முன் தளத்தின் விதிப் பக்கத்தைப் படியுங்கள். தடையை மீறினால் கணக்கு முடங்கும். எனக்கென்னவோ ஹட் இல்லாத தளத்தில் நட்டமாகத் தோன்றவில்லை. மேலே நான் சொன்ன ஸ்மால் பிளைண்டும் ரிவர் காலும் என் சொந்தத் தப்புகள். அவற்றைக் காட்டியது ஆட்டம் முடிந்த பிறகு பார்த்த என் எண்கள்தான்.

ரேக் இதில் எங்கே வருகிறது?

தளம் ஒவ்வொரு பாட்டிலிருந்தும் எடுத்துக்கொள்ளும் கட்டணம் ரேக். பல இடங்களில் 5 சதவீதத்தை ஒட்டி, ஓர் உச்சவரம்போடு இருக்கும். சின்னப் பந்தயத்தில் பாட் அந்த உச்சவரம்பை எட்டுவதே அபூர்வம், அதனால் பிபி கணக்கில் பார்த்தால் பெரிய பந்தயத்தைவிட இங்கே கட்டணம் அதிகம். நீங்கள் கட்டிய ரேக்கை மென்பொருள் தனியாகக் காட்டும், ஒருமுறை பாருங்கள். பெரும்பாலான தளங்களில் ஃப்ளாப் வராத ஹேண்டுக்கு ரேக் இல்லை. கால் செய்வதைவிட 3-பெட் செய்து அங்கேயே முடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வளவும் செய்தால் எவ்வளவு சம்பாதிக்கலாம்?

என்எல் 10-ல் 5 பிபி என்பது 100 ஹேண்டுக்கு 50 சென்ட். நாலு மேஜையில் சேர்த்து மணிக்கு 300 ஹேண்ட் ஆடினால் ஒன்றரை டாலர். இதை வருமானமாக நினைத்து வருகிறவர்களிடம் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். ஆட்டத்தைப் படிக்கப் பிடித்தவர்களுக்கு இது அருமையான பள்ளிக்கூடம்.

வாரத்துக்கு எவ்வளவு நேரம் இதற்கு?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம். ஒரே ஒரு வடிகட்டி, அதில் வரும் இருபது முப்பது ஹேண்ட், ஒவ்வொன்றிலும் கால் கட்டுப்படியாக எத்தனை சதவீதம் தேவைப்பட்டது என்ற வகுத்தல். பேனாவும் தாளும் வைத்துச் செய்யுங்கள். ஒரு மாதத்துக்கு ஒரே தப்பைத்தான் தொடுவேன். ஐந்தை ஒரே நேரத்தில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

சில இரவில் மொத்தமாகப் போய்விடுகிறது. அது எண்ணில் தெரியுமா?

தெரியும். நேரம் வாரியாகப் பிரியுங்கள். என்னுடையதைப் பிரித்தபோது இரவு 11 மணி வரை விபிஐபி 23, அதற்கு மேல் 31. அதே ஆள், அதே மேஜை. இழந்ததைத் தூங்குவதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்த இரவுகள் அவை. அதிலிருந்து 11 மணிக்குப் புதிய மேஜை திறப்பதில்லை.

தன்னால் நிறுத்த முடியவில்லை என்று தோன்றினால் அது எண்களால் சரியாகும் விஷயமில்லை. பிரிட்டனில் கேம்ஸ்டாப் என்ற இலவசச் சேவை இருக்கிறது. ஆறு மாதம், ஓராண்டு, ஐந்தாண்டு என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்தால் இங்கே உரிமம் பெற்ற எல்லா ஆன்லைன் சூதாட்டத் தளங்களும் உங்களைத் தடுத்துவிடும். தேர்ந்தெடுத்த காலம் முடியும் வரை அதை நீங்களே கேட்டாலும் நீக்க மாட்டார்கள். என் நண்பர் ஒருவர் ஐந்தாண்டைத் தேர்ந்தெடுத்தார். இப்போதும் நாங்கள் சேர்ந்துதான் கிரிக்கெட் பார்க்கிறோம். போக்கர் பேச்சை நான் எடுப்பதில்லை.